கேள்வி கேட்கும் கேலரி

(மீனாட்சிபுரத்தில் கால்பந்து ரசிகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், முன்வரிசையில் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும், பின்னால் நீலச் சட்டையோடு நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்கள் அணிக்கும் பொருந்தும்.

இந்த ஊர் டீக்கடை பெஞ்சில் மஞ்சள் சட்டை கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகரும் நீலச் சட்டை சென்னையின் எஃப்சி ரசிகரும் தோள் உரச உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். ஒருவர் மலையாளத்தில் திட்டினால் இன்னொருவர் தமிழில் பதில் சொல்வார். முன்பெல்லாம் யார் கோல் போட்டார், நடுவர் எதைக் கவனிக்காமல் விட்டார் என்றுதான் சண்டை வரும். கொஞ்ச காலமாகப் பேச்சு மாறிவிட்டது. "மேனேஜ்மென்ட் என்ன பண்ணுது?" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். இந்தக் கேள்வியை ரசிகர் கேட்கலாமா, எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014 இல் பிறந்தது. சச்சின் டெண்டுல்கரும் பிவிபி நிறுவனமும் தொடங்கிவைத்தார்கள். 2016 இல் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, அல்லு அரவிந்த், நிம்மகட்டா பிரசாத் ஆகியோர் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். 2018 செப்டம்பரில் சச்சின் தன் பங்கை விற்றுவிட்டு விலகினார். மூன்று முறை இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டிக்குப் போனோம். 2014 இல் மும்பையில் கடைசி நிமிடத்தில் முகமது ரஃபீக் அடித்த கோலில் கொல்கத்தாவிடம் தோற்றோம். 2016 இல் நம் கொச்சியிலேயே, அதே கொல்கத்தாவிடம், பெனால்டியில் தோற்றோம். 2022 மார்ச்சில் கோவாவில் ஹைதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோற்றோம். இன்னும் ஒரு கோப்பைகூட கையில் இல்லை. இந்தியாவிலேயே அதிகக் கூட்டம் சேர்க்கிற அணிகளில் ஒன்றின் நிலைமை இது.

இத்தனை ஆண்டுகளில் எத்தனை பயிற்சியாளர்கள் என்று எண்ணிப்பாருங்கள். டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், டெர்ரி ஃபீலன், ஸ்டீவ் காப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், திரும்பவும் டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஷட்டோரி, கிபு விகுனா. இவர்களில் ஒருவர்கூட இரண்டு முழு சீசன்களைத் தொடர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இவான் வுகோமனோவிச் மட்டும்தான் மூன்று சீசன் நின்றார். மூன்றிலும் அணி ப்ளே-ஆஃப் வரை போனது. 2024 ஏப்ரலில் அவரும் போனார். அடுத்து ஸ்வீடனிலிருந்து மிக்கேல் ஸ்டாரே வந்தார். 12 ஆட்டங்களில் 3 வெற்றி, 7 தோல்வி. 2024 டிசம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். 2025 மார்ச்சில் டேவிட் கட்டாலா வந்தார். அந்த சீசனில் 13 அணிகளில் நமக்குக் கிடைத்தது 8ஆம் இடம்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் நீங்கள் எந்தப் பயிற்சியாளர் நல்லவர், எவர் மோசம் என்று மனசுக்குள் மார்க் போடத் தொடங்கியிருப்பீர்கள். நிர்வாகத்துக்கு வேண்டியதும் அதுதான். தோல்வி தொடர்ந்தால் ரசிகரின் கோபம் பயிற்சியாளர் மேல் போகும். அவரை அனுப்பினால் கோபம் ஒரு மாதத்துக்கு அடங்கும். புதியவர் வந்ததும் நம்பிக்கை பிறக்கும். வந்தவர்களில் திறமைசாலிகள் பலர். காப்பல் இருந்த ஒரே சீசனில் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். விகுனா இங்கே வருவதற்கு முந்தைய சீசனில்தான் மோகன் பகானுக்கு ஐ-லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்திருந்தார். பத்துப் பேருக்கு மேல் மாறியும் அதே குறை தொடர்கிறதென்றால், அந்தப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தவர்களிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

வீரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சு எரிகிற இடம் இது. 2022 இல் இறுதிப் போட்டிக்கு நம்மைக் கொண்டுபோன முன்வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். ஆல்வரோ வாஸ்குவெஸ், ஹோர்ஹே பெரேரா டியாஸ். அடுத்த சீசனில் ஒருவர் கோவாவில், இன்னொருவர் மும்பையில். 2023 இல் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அதே கோடையில் கண்ணூர்ப் பையன் சஹல் அப்துல் சமது மோகன் பகானுக்குப் போனார். 2023-24 சீசனில் டயமன்டகோஸ் 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். வாங்கிய கையோடு ஈஸ்ட் பெங்கால். நம் அணியில் வளர்ந்த ஜீக்சன் சிங்கும் அதே கோடையில் அங்கேயே போனார். 2025 ஜனவரியில் கே.பி. ராகுல் ஒடிசாவுக்கு. 2022 இறுதிப் போட்டியில் நமக்காக கோல் அடித்தவர் அவர்.

விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. விற்காமல் சம்பளம் கொடுப்பது இந்தியாவில் பல கால்பந்து கிளப்புகளுக்குக் கஷ்டம். தொலைக்காட்சிப் பணம் சொற்பம். கொச்சி ஸ்டேடியம் கிளப்புக்குச் சொந்தமில்லை, அது ஜிசிடிஏ என்கிற வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. உரிமையாளர்கள் வருடா வருடம் கையிலிருந்து போட்டுத்தான் நடத்துகிறார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: விற்ற இடத்தில் யாரை வைத்தார்கள்? சஹலைக் கொடுத்தபோது பதிலுக்கு வந்தவர் பிரீதம் கோட்டால். அனுபவசாலி, நல்ல தடுப்பாட்டக்காரர். ஒன்றரை ஆண்டில் அவரும் சென்னையினுக்குப் போய்விட்டார். அப்படியானால் 2023 ஜூலையில் அந்த மாற்றத்தைச் செய்தவர்களின் கையில் எத்தனை வருடத்துக்கான திட்டம் இருந்தது? பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ரசிகருக்கு வலிப்பது அந்த மௌனம்தான்.

ரசிகர் என்றால் யார் என்று கொச்சி அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று சில சமயம் எனக்குச் சந்தேகம். இங்கிருந்து கொச்சியின் கலூர் ஸ்டேடியத்துக்குப் போகிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். தோப்பில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு காலையிலேயே கிளம்புகிறான். பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம். ராத்திரி ஏழரைக்கு ஆட்டம். முடியும்போது ஒன்பதரை. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடியதில் தொண்டை கட்டியிருக்கும். ரயில் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை காத்திருப்பு. டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக, அன்றைக்குக் கூலியும் போச்சு. தோற்றுப்போன அணிக்காக அடுத்த மாதமும் போகிறான். அவன் கையில் கம்பெனியின் பங்குப் பத்திரம் கிடையாது. ஆனால் அவன் வராமல் போனால் விளம்பரதாரரும் வரமாட்டார், தொலைக்காட்சியில் காட்டுவதற்கு அந்த மஞ்சள் கடலும் இருக்காது.

நம் பக்கத்துக் கால்பந்தில் நிர்வாகத்துக்கும் ரசிகருக்கும் இடையே இந்தத் தூரமே கிடையாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் கமிட்டிக்காரர் யார், பணம் போட்டது யார், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வீரருக்கு ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு பேசினார்கள் என்பது கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்துபடி. அணி சொதப்பினால் இடைவேளையிலேயே போய் கமிட்டிக்காரரைக் கேட்டுவிடலாம். மூணாறில் தேயிலை எஸ்டேட் அணிகள் ஃபின்லே ஷீல்டுக்காகப் பல பத்தாண்டுகளாக மோதுகின்றன. ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். இப்படிப் பழகிய மக்களிடம் "அது நிர்வாக முடிவு, உங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொன்னால் எடுபடாது.

பங்கு இல்லாதவர் கேட்கலாமா என்று யாராவது உங்களிடம் வாதாடினால், பிளாச்சிமடையைக் காட்டுங்கள். நமக்கு அடுத்த ஊர். கோகோ கோலா ஆலை 2000 இல் வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002 இல் மயிலம்மாவும் பக்கத்துக் குடிசைப் பெண்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பெண்களில் யாரும் கம்பெனியின் பங்குதாரர் இல்லை. தண்ணீரும் கால்பந்தும் ஒன்றாகாது என்பது எனக்குத் தெரியும். குடிதண்ணீரை இழந்தவரின் துயரத்தோடு கோப்பையை இழந்தவரின் துயரத்தை ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: ஒரு முடிவால் யாருடைய வாழ்க்கை பாதிக்கப்படுகிறதோ அவருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு என்பதை இந்த மண் ஏற்கனவே நிரூபித்துவிட்டது.

வெளியே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல், அதாவது ஐம்பது சதவீதமும் கூடவே ஒரு வாக்கும், உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். பணக்காரர் முதலீடு செய்யலாம், ஆனால் தனியாக முடிவெடுக்க முடியாது. பார்சிலோனாவில் உறுப்பினர்கள்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 இல் தலைவர் பார்தோமேயு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டெடுப்பு வருவதற்கு முன்பே அக்டோபரில் அவர் ராஜினாமா செய்தார். லண்டனில் விம்பிள்டன் கிளப்பை வேறு நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக 2002 இல் அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அந்த வருடமே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி ஏறி 2011 இல் தொழில்முறை லீக்குக்கே வந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2025 இல் கால்பந்து நிர்வாகத்துக்கென்றே ஒரு சட்டம் வந்து, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்திருக்கிறது. முக்கிய விஷயங்களில் ரசிகர்களைக் கேட்டாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அதெல்லாம் வெள்ளைக்கார நாடு என்று தள்ளிவிடாதீர்கள். கொல்கத்தாவுக்கு வாருங்கள். 2020 இல், நம்மை இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்கடித்த கொல்கத்தா அணியான ஏடிகேயும் மோகன் பகானும் இணைந்து ஏடிகே மோகன் பகான் ஆனது. நூறு வருடத்துக்கு மேல் பழமையான பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டதை ரசிகர்கள் ஏற்கவே இல்லை. அணி வென்றபோதும் "ரிமூவ் ஏடிகே" பேனர் இறங்கவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் கோப்பையை வென்ற அதே இரவில், உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அந்த எழுத்துகளை எடுத்துவிடுவதாக அறிவித்தார். முழுசாக மூன்று சீசன் பிடித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அவர்கள் ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் வெளியே போ" என்று கத்தவில்லை. எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளக்கூடிய, செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியத்தைக் கேட்டார்கள்.

2024 டிசம்பரில் நம் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட செய்ததும் அந்த வகையில்தான் சேரும். டிக்கெட் வாங்கி விற்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஸ்டேடியத்திலும் வெளியிலும் எதிர்ப்புத் தெரிவிக்கப்போவதாக அறிவித்தார்கள். அணிக்கு ஆதரவு உண்டு, நிர்வாகத்துக்கு இல்லை என்றார்கள். சில நாட்களில் ஸ்டாரே போனார். 2025 தொடக்கத்தில் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக கிளப் அறிவித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் ஆலோசனைக் குழு என்பது கதவு திறப்பது மட்டும். உள்ளே போய் உட்கார்ந்து என்ன கேட்கிறோம், கேட்டதற்கு எழுத்தில் பதில் வருகிறதா என்பதில்தான் மீதி இருக்கிறது.

ரசிகர்களின் பக்கத்தையும் பேசாமல் விட்டால் இந்த மேடைக்கு நான் உண்மையாக இருக்கமாட்டேன். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ப்ளே-ஆஃப் ஆட்டத்தை மறந்திருக்கமாட்டீர்கள். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை சட்டென்று அடித்தார். கோல் என்றார் நடுவர். நம் பயிற்சியாளர் இவான் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கொச்சி விமான நிலையத்தில் ரசிகர்கள் திரண்டு மாலை மரியாதையோடு வரவேற்றார்கள். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இவானுக்கு 10 ஆட்டத் தடை. ஜூன் மாதம் கிளப் தன் பெண்கள் அணியைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது, பணத் தண்டனையைக் காரணமாகச் சொன்னது. ஆண்கள் மைதானத்தை விட்டு வெளியேறியதற்குப் பெண்கள் தங்கள் அணியை இழந்தார்கள். மஞ்ஞப்பட அப்போது இதைக் கண்டித்தது, நல்லது. ஆனால் விமான நிலையத்துக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது அந்தப் பெண்களுக்காகத் தெருவுக்கு வந்ததா?

இன்னொன்று. 2019 இல் சி.கே. வினீத், நமக்காக எத்தனையோ கோல் அடித்தவர், தன்னைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புகிறார்கள் என்று ரசிகர்கள் மேலேயே போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. தோற்ற இரவில் வீரரின் மனைவியையும் அம்மாவையும் இழுத்துத் திட்டுகிறவர் ரசிகர் இல்லை. அப்படிப்பட்டவர் ஒருவர் போதும், நிர்வாகம் உங்கள் எல்லாரையும் ரௌடிக் கூட்டம் என்று சொல்லி நியாயமான கேள்விகளைக் குப்பையில் போட்டுவிடும்.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு இரண்டு பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. கொச்சியில் 1997 இல் எஃப்சி கொச்சின் தொடங்கினார்கள். அந்த வருடமே டியூரண்ட் கோப்பையை வென்றது. ஐ.எம். விஜயனும் ஜோ பால் அஞ்சேரியும் ஆடிய அணி. பணம் வற்றி, 2002 இல் இழுத்து மூடிவிட்டார்கள். இந்தப் பக்கம் கோயம்புத்தூர். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி பஞ்சாபின் மினர்வாவை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி, ஐ-லீக் சாம்பியன் ஆனது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். பொள்ளாச்சி வழியாக பஸ் பிடித்துப் பார்க்கப் போன தூரம்தான் நமக்கு. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் பங்கு வாங்கியது. எல்லாரும் ஆகா என்றோம். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியைக் காணோம். சென்னை என்று பெயர் வைத்துக் கோவையில் ஆடிய அணிக்கு இரண்டு ஊரிலும் வேர் பிடிக்கவில்லை என்பது என் கணிப்பு. தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் ஒரு சாம்பியன் அணி அப்படியே கரைந்துபோனது.

2025 இல் லீக்கே நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியும். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அடுத்து என்னவென்று தெரியவில்லை என்று ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்திவைத்தார்கள். டெண்டர் விட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. சென்னையின், பெங்களூரு போன்ற கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. கடைசியில், 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளோடு 91 ஆட்டங்கள் கொண்ட சுருங்கிய சீசன் தொடங்கும் என்று ஜனவரியில் மத்திய அமைச்சர் அறிவித்தார். அந்த மாதங்களில் மஞ்சளும் நீலமும் ஒரே குரலில் பேசியதைக் கேட்டேன். எதிரணியே இல்லாமல் போனால் யாரை ஜெயிப்பது என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரசிகர் ஆலோசனைக் குழுவுக்கு இந்த எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு பெயர் போக வேண்டும். பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதே கொச்சியில் பலருக்குத் தெரியாது. குழுவின் கூட்டத்தில் பேசியதை எழுத்தில் வெளியிடச் சொல்லுங்கள். வீரர்களை வாங்குவதும் விற்பதும் யார் பொறுப்பு, அவர் பெயர் என்ன, மூன்று வருடத்தில் அணி எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார் என்று கேளுங்கள். 2023 இல் நிறுத்திய பெண்கள் அணிக்கு என்ன திட்டம் என்று தேதியோடு கேளுங்கள். இதையெல்லாம் கிளப்புக்குக் கடிதமாக எழுதுங்கள். பயிற்சியாளரை மாற்று என்று மட்டும் எழுதாதீர்கள், அதை அவர்கள் உங்களைக் கேட்காமலேயே செய்வார்கள்.

சென்னையின் தம்பிகளே, உங்களுக்கும் இதே கடிதம் பொருந்தும், பெயரை மட்டும் மாற்றுங்கள். 2015 இலும் 2018 இலும் கோப்பை வாங்கிய கிளப் உங்களுடையது. அது ஏன் கீழே வந்தது என்று கேட்க உங்களுக்கு எங்களைவிட அதிகக் காரணம் இருக்கிறது.

மலையாளத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள், மொழிபெயர்த்து அனுப்ப இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் கிளம்பமாட்டேன். மேஜையும் பேப்பரும் இருக்கிறது, முதல் கடிதத்தை இன்றைக்கே எழுதிவிடலாம்.